ஃபிரிட்ஸ் சுவிக்கி

ஃபிரிட்ஸ் சுவிக்கி (பெப்ரவரி 14, 1898 – பெப்ரவரி 8, 1974) சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் வானியலாளரும் ஆவார். இவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஐக்கிய அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கழித்தார். விண்மீன் பேரடைகளின் கொத்துகளில் கண்ணுக்குப் புலப்படும் பொருளைவிடப் பன்மடங்கு நிறை இருக்க வேண்டும் என்று 1933 ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். இன்று கரும்பொருள் என அழைக்கப்படும் சிக்கலின் தொடக்கமாக இக்கணக்கு கருதப்படுகிறது. சூப்பர்நோவா எனப்படும் மீயொளிர் விண்மீன் வெடிப்பு, நியூட்ரான் விண்மீன், ஈர்ப்பு வில்லை ஆகியவை குறித்தும் இவர் முன்னோடியான கருத்துகளை வெளியிட்டார். கரும்பொருளுக்கு மாற்றாக முன்வைக்கப்படும் ஈர்ப்புக் கோட்பாடுகளுள் சில இவர் அளந்த கோமா பேரடைக் கொத்திலும், இவர் முன்மொழிந்த ஈர்ப்பு வில்லை முறையிலும் இன்றும் சோதிக்கப்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

சுவிக்கி பல்கேரியாவில் கருங்கடல் கரையில் உள்ள வர்னா நகரில் பிறந்தார். தந்தை ஃபிரிடோலின் சுவிக்கி, சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் உள்ள மோலிஸ் என்னும் ஊரைச் சேர்ந்த வணிகர். தாய் ஃபிரான்சிஸ்கா, செக் இனத்தவர். மூன்று பிள்ளைகளில் ஃபிரிட்ஸ் மூத்தவர். 1904 ஆம் ஆண்டில், ஆறாம் அகவையில், கல்விக்காகக் கிளாரசில் இருந்த தந்தைவழிப் பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மகன் வணிகம் கற்க வேண்டும் என்பது குடும்பத்தினரின் விருப்பம். ஆனால் அவரது நாட்டம் கணிதத்திலும் இயற்பியலிலும் சென்றது.

பின்னர் சூரிக் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து படித்தார். ஐன்ஸ்டைன் பயின்றதும் பின்னர் பேராசிரியராகப் பணியாற்றியதும் இக்கழகத்திலேயே ஆகும். 1922 ஆம் ஆண்டில் படிகங்களின் இயற்பியல் தொடர்பான ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். இளமையில் அவர் பெற்ற பயிற்சி வானியலில் அன்று. பருப்பொருளின் இயற்பியலிலேயே ஆகும். வானியலாளர்கள் கேட்கத் தயங்கிய கேள்விகளை அவர் பின்னாளில் கேட்டதற்கு இப்பின்னணியும் ஒரு காரணம் எனலாம்.

கலிபோர்னியாவில்

1925 ஆம் ஆண்டில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்று, பாசடீனா நகரில் உள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் மில்லிக்கனுடன் பணியாற்றச் சென்றார். மின்னணுவின் மின்னூட்டத்தை அளந்ததற்காக நோபல் பரிசு பெற்ற மில்லிக்கன் அப்போது அக்கழகத்தின் தலைவராக இருந்தார். பாசடீனாவுக்கு அருகில் இருந்த மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியான 100 அங்குலத் தொலைநோக்கி இயங்கிவந்தது. அதன் துணையுடன் எட்வின் ஹபிள் பேரடைகளின் தொலைவுகளை அளந்துகொண்டிருந்தார். படிகங்களையும் நீர்மங்களையும் ஆராய வந்த சுவிக்கியின் கவனம் சில ஆண்டுகளில் வானியலின் பக்கம் திரும்பியது.

1942 ஆம் ஆண்டில் வான்இயற்பியல் பேராசிரியராக உயர்ந்த அவர், 1968 ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அக்கழகத்திலேயே பணியாற்றினார். வாழ்நாளின் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்தபோதிலும் சுவிட்சர்லாந்துக் குடியுரிமையை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

களைத்த ஒளிக் கருதுகோள்

தொலைவில் உள்ள பேரடைகளின் ஒளி, தொலைவுக்கு ஏற்பச் சிவப்புப் பக்கம் பெயர்ந்திருப்பதை 1929 ஆம் ஆண்டில் ஹபிள் அறிவித்தார். அண்டம் விரிவடைவதால் இச்சிவப்புப் பெயர்ச்சி ஏற்படுகிறது என்ற விளக்கம் வலுப்பெற்றது. அதே ஆண்டில் சுவிக்கி வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். நெடுந்தொலைவு பயணம் செய்யும் ஒளி, வழியில் உள்ள பொருள்களுக்கு ஈர்ப்பின் வழியாகத் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது என்பதே அவ்விளக்கம். ஆற்றல் குறைந்தால் ஒளியின் அலைநீளம் கூடும். எனவே அது சிவந்து தோன்றும். இக்கருதுகோள் பின்னர் களைத்த ஒளி என்ற பெயர் பெற்றது.

இக்கருதுகோள் தவறு எனப் பின்னாளில் நிறுவப்பட்டது. அண்டம் விரிவடையுமானால், தொலைவில் நிகழும் நிகழ்வுகள் மெதுவாக நடப்பதுபோல் நமக்குத் தோன்ற வேண்டும். ஒளி களைப்பது மட்டுமே காரணம் என்றால் அவ்வாறு தோன்றக் காரணமில்லை. 1990களில் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் ஒளிகூடிக் குறைவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் அளக்கப்பட்டபோது, அது விரிவடையும் அண்டத்தில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு நீண்டிருந்தது. சுவிக்கி தம் வாழ்நாளெல்லாம் தேடிய வெடிப்புகளே அவரது கருதுகோளைப் பொய்ப்பித்தன.

சூப்பர்நோவாவும் நியூட்ரான் விண்மீனும்

மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பணியாற்றிய செருமானிய வானியலாளர் வால்ட்டர் பாடே, சுவிக்கியுடன் இணைந்து ஆய்வு செய்தார். வானில் திடீரெனத் தோன்றி மறையும் நோவா விண்மீன்களுள் சில, மற்றவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளி மிக்கவை என்பதை இருவரும் உணர்ந்தனர். 1934 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளில் இவ்வகை வெடிப்புகளைச் சூப்பர்நோவா எனத் தனி வகையாகப் பிரித்தனர். அண்டக்கதிர்கள் இவ்வெடிப்புகளிலிருந்து வருகின்றன என்றும், சாதாரண விண்மீன் ஒன்று நியூட்ரான்களால் மட்டுமே ஆன மிக அடர்ந்த சிறு விண்மீனாக மாறும்போது இவ்வெடிப்பு நிகழ்கிறது என்றும் கருத்துத் தெரிவித்தனர். நியூட்ரான் என்னும் துகள் 1932 ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கருத்தைச் சொன்னதோடு நில்லாமல் சூப்பர்நோவாக்களைத் தேடவும் சுவிக்கி முனைந்தார். வானின் அகன்ற பரப்பை ஒரே ஒளிப்படத்தில் பதியவைக்கும் சிமிட் வகைத் தொலைநோக்கி ஒன்று அவரது முயற்சியால் பாலோமர் மலையில் நிறுவப்பட்டது. 18 அங்குலத் துளை கொண்ட இத்தொலைநோக்கி 1936 ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பல சூப்பர்நோவாக்கள் கண்டறியப்பட்டன. சுவிக்கி தம் வாழ்நாளில் 120க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார்.

நியூட்ரான் விண்மீன் பற்றிய கருத்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சான்றின்றிக் கிடந்தது. 1967 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் துடிவிண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1054 ஆம் ஆண்டில் காணப்பட்ட சூப்பர்நோவாவின் எச்சமான நண்டு வளிமுகிலின் நடுவில் 1968 ஆம் ஆண்டில் ஒரு துடிவிண்மீன் அறியப்பட்டது. துடிவிண்மீன்கள் வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களே என்பது அதன்பின் உறுதியாயிற்று. சுவிக்கி உயிருடன் இருந்தபோதே மெய்ப்பிக்கப்பட்ட அவரது கருத்துகளுள் இது முதன்மையானது.

கோமா பேரடைக் கொத்து

கோமா பெரனிசஸ் விண்மீன் குழுவின் திசையில் நூற்றுக்கணக்கான பேரடைகள் நெருங்கிக் காணப்படுகின்றன. இக்கொத்தில் உள்ள சில பேரடைகளின் வேகங்களை மவுண்ட் வில்சன் வானியலாளர்கள் சிவப்புப் பெயர்ச்சியைக் கொண்டு அளந்திருந்தனர். ஒரே கொத்தைச் சேர்ந்த பேரடைகளுக்கிடையே நொடிக்கு 1500 முதல் 2000 கிலோமீட்டர் வரை வேக வேறுபாடு இருப்பதைச் சுவிக்கி கவனித்தார்.

இவ்வேகங்களிலிருந்து கொத்தின் நிறையைக் கணக்கிட அவர் விரியல் தேற்றத்தைப் பயன்படுத்தினார். வளிமங்களின் இயற்பியலில் அறியப்பட்டிருந்த இத்தேற்றத்தைப் பேரடைக் கொத்துக்குப் பயன்படுத்தியது இதுவே முதல் முறை. ஈர்ப்பினால் கட்டுண்டு நெடுங்காலம் நிலையாக இருக்கும் ஒரு தொகுதியில், உறுப்புகளின் மொத்த இயக்க ஆற்றலின் இருமடங்கு, ஈர்ப்பு நிலையாற்றலின் அளவுக்குச் சமமாக இருக்கும் என்பதே அத்தேற்றம். எனவே நிறையும் அளவும் தெரிந்தால் வேகத்தைக் கணிக்கலாம்; வேகம் தெரிந்தால் நிறையைக் கணிக்கலாம்.

சுவிக்கி முதலில் ஒளியைக் கொண்டு நிறையை மதிப்பிட்டார். கொத்தில் 800 பேரடைகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் சூரியனைப் போல 100 கோடி மடங்கு நிறையுள்ளது என்றும், கொத்தின் ஆரம் 10 இலட்சம் ஒளியாண்டுகள் என்றும் கொண்டார். இந்த அளவுகளின்படி பேரடைகள் நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் நகர வேண்டும். ஆனால் பார்வைக் கோட்டின் திசையில் மட்டுமே காணப்பட்ட சராசரி வேகம் நொடிக்கு 1000 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல். மற்ற இரு திசைகளின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிறை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஒளிரும் பொருளைப் போலக் குறைந்தது 400 மடங்கு அடர்த்தி கொத்தில் இருக்க வேண்டும் என்ற முடிவு கிடைத்தது.

கொத்து நிலையானது அல்ல, சிதறிக்கொண்டிருக்கிறது என்று கொண்டால் என்ன என்பதையும் அவர் ஆராய்ந்தார். அவ்வாறெனில் கொத்துகளிலிருந்து பிரிந்த தனிப் பேரடைகள் பெரும் வேகத்துடன் வானெங்கும் காணப்பட வேண்டும். ஆனால் தனிப் பேரடைகளிடம் அத்தகைய வேகம் காணப்படவில்லை. எனவே புலப்படாத பொருள் பெருமளவில் இருக்க வேண்டும் என்று கருதினார். 1933 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் இயற்பியல் இதழ் ஒன்றில் செருமானிய மொழியில் வெளியான கட்டுரையில் இப்பொருளை இருண்ட பொருள் எனக் குறிப்பிட்டார். 1937 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிவான கட்டுரையில் இக்கணக்கைத் திருத்தமாக மீண்டும் செய்தார். பேரடையின் சுழற்சியைக் கொண்டும் ஒளியைக் கொண்டும் நிறையை மதிப்பிடும் முறைகளின் குறைகளையும் அதில் எடுத்துக்காட்டினார்.

இக்கணக்கு கண்டறிந்தது ஒரு முரண்பாட்டை ஆகும். ஒருபுறம் ஒளியிலிருந்து பெறப்பட்ட நிறை. மறுபுறம் நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு பெறப்பட்ட நிறை. இரண்டும் பொருந்தவில்லை என்றால், காணாத பொருள் இருக்கிறது என்று கொள்ளலாம். அல்லது அவ்வளவு பெரிய தொலைவுகளில் ஈர்ப்பு விதியே மாறுபடுகிறது என்றும் கொள்ளலாம். விரியல் தேற்றத்தால் மட்டும் இவ்விரண்டுள் எது சரி எனத் தீர்மானிக்க இயலாது. பின்னாளில் எழுந்த விவாதம் முழுவதும் இந்தக் கிளைப்பாதையிலிருந்தே தொடங்குகிறது.

கணக்கில் இருந்த பிழைகள்

சுவிக்கி பயன்படுத்திய தொலைவு தவறானது. அன்று ஏற்கப்பட்டிருந்த ஹபிள் மாறிலி இன்றைய மதிப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. எனவே கோமா கொத்து ஏறத்தாழ 4.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதாக அவர் கொண்டார். உண்மையான தொலைவு 30 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேல் ஆகும். தொலைவு கூடினால் வேகத்திலிருந்து பெறப்படும் நிறை அதே விகிதத்தில் கூடும். ஒளி அளவோ தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே நிறைக்கும் ஒளிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

மேலும், பேரடைகளுக்கு இடையே பல கோடி பாகை வெப்பநிலையில் வளிமம் நிரம்பியிருப்பது 1970களில் எக்ஸ் கதிர் நோக்கீடுகளால் தெரியவந்தது. இவ்வளிமத்தின் நிறை விண்மீன்களின் மொத்த நிறையைவிடப் பல மடங்கு மிகுதி. சுவிக்கி காணாத பொருளின் ஒரு பகுதி இவ்வாறு காணப்பட்டுவிட்டது. எனினும் முரண்பாடு நீங்கவில்லை. பெருங்கொத்துகளில் விண்மீன்களையும் வளிமத்தையும் கூட்டினாலும், தேவையான நிறையில் ஏறத்தாழ ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கே கிடைக்கிறது. எண் மாறியது, சிக்கல் மாறவில்லை.

நாற்பது ஆண்டுக்கால மௌனம்

1936 ஆம் ஆண்டில் சின்க்ளேர் ஸ்மித் என்னும் வானியலாளர் கன்னிக் கொத்திலும் இதே போன்ற முரண்பாட்டைக் கண்டார். எனினும் வானியலாளர் பெரும்பாலோர் இம்முடிவைப் பொருட்படுத்தவில்லை. அளக்கப்பட்ட வேகங்கள் மிகச் சில. கொத்துகள் நிலையானவையா என்ற ஐயமும் நீடித்தது. காணாத பொருள் எது என்பதற்கு விடையும் இல்லை.

சுவிக்கியின் இயல்பும் ஒரு தடையாக இருந்தது. உடன் பணியாற்றியவர்களை வெளிப்படையாகக் கடிந்துபேசுவது அவரது வழக்கம். தம் கருத்துகளைப் பிறர் களவாடுவதாகவும் புறக்கணிப்பதாகவும் குற்றம் சாட்டினார். தம் நூல்களின் முன்னுரைகளிலும் அதனை எழுதினார். தொடக்கத்தில் நெருங்கிப் பணியாற்றிய பாடேயுடனும் பின்னர் கடும் பகை ஏற்பட்டது. இதனால் அவரது சரியான கருத்துகளும் தவறான கருத்துகளும் ஒன்றாகவே ஒதுக்கப்பட்டன.

1970 ஆம் ஆண்டில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரொமேடா பேரடையின் சுழற்சியை அளந்தனர். 1980 ஆம் ஆண்டில் 21 சுருள் பேரடைகளின் அளவீடுகளை வெளியிட்டனர். மையத்திலிருந்து விலகிச் சென்றபோதும் சுழற்சி வேகம் குறையவில்லை. கொத்துகளில் மட்டுமன்றித் தனிப் பேரடைகளிலும் முரண்பாடு உண்டு என்பது தெளிவானது. சுவிக்கி அப்போது உயிருடன் இல்லை.

ஈர்ப்பு வில்லைகள்

ஒரு விண்மீனின் ஈர்ப்பு, பின்னால் உள்ள மற்றொரு விண்மீனின் ஒளியை வில்லைபோல் வளைக்கக்கூடும் என்பதை, ரூடி மாண்டில் என்பவரின் வேண்டுகோளுக்கு இணங்க, 1936 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். இதனைக் காணும் வாய்ப்பு இல்லை என்பது ஐன்ஸ்டைனின் முடிவு. 1937 ஆம் ஆண்டில் சுவிக்கி, தனி விண்மீன்களுக்குப் பதிலாகப் பேரடைகள் வில்லையாகச் செயற்பட்டால் அதனைக் காண்பது ஏறத்தாழ உறுதி என்று கணக்கிட்டார். ஒளி வளையும் அளவிலிருந்து பேரடையின் மொத்த நிறையை அறியலாம் என்பதையும் குறிப்பிட்டார்.

இம்முறையின் சிறப்பு, நிறையை அறிவதற்குப் பொருளின் வேகமோ நிலைத்தன்மையோ தேவைப்படாது என்பதாகும். 1979 ஆம் ஆண்டில் ஒரே குவேசார் இரண்டாகத் தோன்றுவது கண்டுபிடிக்கப்பட்டது. இடையில் உள்ள பேரடையே அதற்குக் காரணம். சுவிக்கி இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவரது கணிப்பு மெய்யானது.

ஈர்ப்பு விதியின் எல்லை பற்றிய ஐயம்

கரும்பொருளின் முன்னோடி என்று அறியப்படும் சுவிக்கி, ஈர்ப்பு விதியைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கருதவில்லை. பேரடைகள் கொத்துகளாகச் சேர்ந்துள்ளன. ஆனால் கொத்துகள் மேலும் பெரிய கொத்துகளாகச் சேரவில்லை என்பது அவரது நோக்கீடு. ஈர்ப்பு எல்லாத் தொலைவுகளிலும் செயற்படுமானால் ஏன் அவ்வாறு சேரவில்லை என்று வினவினார். மிகப் பெரிய தொலைவுகளில் ஈர்ப்பு நியூட்டனின் விதி கூறுவதைவிட விரைவாகக் குறைந்து மறைகிறது என்றும், ஈர்ப்பைக் கடத்தும் துகளான கிராவிட்டானுக்குச் சிறிதளவு நிறை இருக்கலாம் என்றும் கருதினார். 1961 ஆம் ஆண்டில் இந்நிறையைச் சோதிக்கும் வழிகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

இக்கருத்தும் நிலைக்கவில்லை. கொத்துகள் இணைந்த மீக்கொத்துகளும், அவற்றுக்கிடையே பரந்த வெற்றிடங்களும் இருப்பதைப் பிற்கால அளவீடுகள் காட்டின. எனினும் பேரடைகளின் நோக்கீடுகளைக் கொண்டு ஈர்ப்பு விதியையே சோதிக்கலாம் என்னும் அணுகுமுறை நிலைத்தது.

போர்க்காலமும் ஏவூர்தி ஆய்வும்

இரண்டாம் உலகப் போரின்போது ஏவூர்தி உந்துகலங்களைத் தயாரிக்கும் ஏரோஜெட் நிறுவனத்தில் சுவிக்கி சேர்ந்தார். 1943 முதல் 1961 வரை ஆய்வு இயக்குநராகவும் அறிவுரைஞராகவும் அதற்குப் பணியாற்றினார். உந்துகலத் தொழில்நுட்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். இப்பணிக்காக 1949 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசின் விடுதலைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

1957 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஸ்புட்னிக் ஏவப்பட்ட சில நாட்களில், ஏரோபீ ஏவூர்தி ஒன்றின் உச்சியில் வெடிமருந்து வைத்துச் செயற்கை எரிகற்களை உண்டாக்கும் சோதனையை நடத்தினார். 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் சிதறிய உலோகத் துகள்களின் ஒளி பாலோமர் மலையிலிருந்து காணப்பட்டது.

போரினால் அழிந்த ஐரோப்பிய நூலகங்களுக்காக அறிவியல் இதழ்களையும் நூல்களையும் அவர் தாமே திரட்டிக் கட்டி அனுப்பினார். போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உதவும் பெஸ்டலோசி அறக்கட்டளையிலும் பணியாற்றினார்.

உருவவியல் முறையும் பேரடை அட்டவணையும்

ஒரு சிக்கலுக்குரிய எல்லாத் தீர்வுகளையும் முன்முடிவு இன்றி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக ஆராயும் முறையைச் சுவிக்கி உருவவியல் முறை என அழைத்தார். வாய்ப்புள்ள எதையும் ஆராயாமல் ஒதுக்கக்கூடாது என்பது இதன் அடிப்படை. இம்முறை பின்னர் பொறியியல் வடிவமைப்பிலும் திட்டமிடலிலும் பரவியது. 1957 ஆம் ஆண்டில் உருவவியல் வானியல் என்னும் நூலை வெளியிட்டார்.

பாலோமர் ஒளிப்படங்களைக் கொண்டு, உடன் பணியாற்றியோருடன் இணைந்து, 1961 முதல் 1968 வரை ஆறு தொகுதிகளாகப் பேரடைகள் மற்றும் கொத்துகளின் அட்டவணையை வெளியிட்டார். ஏறத்தாழ 30,000 பேரடைகளும் 9,000க்கும் மேற்பட்ட கொத்துகளும் இதில் இடம்பெற்றன. 1980களில் பேரடைகளின் பரவலை முப்பரிமாணத்தில் வரைந்த ஆய்வுகளுக்கு இவ்வட்டவணை அடிப்படையாக அமைந்தது. மீக்கொத்துகள் இல்லை என்ற அவரது கருத்தை மறுத்த சான்றுகளுள் இவ்வாய்வுகளும் அடங்கும்.

குடும்பமும் இறுதிக்காலமும்

1932 ஆம் ஆண்டில் டோரத்தி கேட்ஸ் என்பவரை மணந்தார். 1941 ஆம் ஆண்டில் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். 1947 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் அன்னா மார்கரித்தா சூர்ச்சர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். சுவிக்கி மலையேற்றத்தில் தேர்ந்தவர்.

1972 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச வானியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1974 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 அன்று, 76 ஆம் பிறந்தநாளுக்கு ஆறு நாட்கள் முன்பு, பாசடீனாவில் காலமானார். அவரது உடல் தந்தையின் ஊரான மோலிசில் அடக்கம் செய்யப்பட்டது.

மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளும் சுவிக்கியின் சோதனைகளும்

சுவிக்கி விட்டுச்சென்ற கிளைப்பாதையில் பெரும்பாலான இயற்பியலாளர்கள் கரும்பொருளைத் தேர்ந்தனர். சிலர் ஈர்ப்பு விதியை மாற்ற முயன்றனர். 1983 ஆம் ஆண்டில் இசுரேலிய இயற்பியலாளர் மொர்தெகாய் மில்குரோம், மிகக் குறைந்த முடுக்கங்களில் நியூட்டனின் இயக்கவியல் மாறுபடுகிறது என்ற கருத்தை வெளியிட்டார். அம்மாற்றம் தொடங்கும் முடுக்கம், புவிப்பரப்பின் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 கோடியில் ஒரு பங்கு ஆகும். சுருள் பேரடைகளின் சுழற்சியை இக்கோட்பாடு நன்கு விளக்குகிறது. ஆனால் பேரடைக் கொத்துகளில் அதன் பின்னும் ஏறத்தாழ இருமடங்கு நிறை தேவைப்படுகிறது. சுவிக்கியின் முரண்பாடு குறைகிறதே தவிர மறையவில்லை.

2016 ஆம் ஆண்டில் நெதர்லாந்து இயற்பியலாளர் எரிக் வெர்லிண்டு வேறொரு வழியைக் காட்டினார். கருந்துளையின் என்ட்ரோப்பி அதன் பரப்பளவைப் பொறுத்தது என்று 1970களில் ஜேக்கப் பெக்கென்ஸ்டைன் கண்டறிந்ததிலிருந்து, ஈர்ப்புக்கும் தகவலுக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து வளர்ந்துவந்தது. வெர்லிண்டின் கோட்பாட்டில் ஈர்ப்பு ஓர் அடிப்படை விசை அன்று. வளிமத்தின் அழுத்தம் மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்து தோன்றுவது போல, வெளியில் அடங்கியுள்ள குவாண்டம் தகவலின் அமைப்பிலிருந்து ஈர்ப்பு தோன்றுகிறது. பருப்பொருள் இவ்வமைப்பைக் குலைக்கும்போது எழும் எதிர்விளைவு, பெருந்தொலைவுகளில் கூடுதல் ஈர்ப்பாக வெளிப்படுகிறது. கரும்பொருள் எனத் தோன்றுவது இக்கூடுதல் ஈர்ப்பே என்கிறது இக்கோட்பாடு.

இதனைச் சோதிக்க உதவியது ஈர்ப்பு வில்லை முறை. மார்கோட் புரோவர் தலைமையிலான குழுவினர் 33,613 தனித்த பேரடைகளைச் சுற்றிப் பின்னணிப் பேரடைகளின் வடிவம் சிறிதளவு திரிவதை அளந்து 2016 ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுகளை அறிவித்தனர். வெர்லிண்டின் கணிப்பு, விருப்பம்போல் மாற்றத்தக்க மாறிலி ஏதுமின்றியே அளவீடுகளோடு பொருந்தியது. ஆனால் கரும்பொருள் விளக்கமும் அதே அளவீடுகளோடு பொருந்தியது. ஆகவே இச்சோதனை எதையும் விலக்கவில்லை. 2021 ஆம் ஆண்டில் வெளியான பெரிய அளவிலான ஆய்வில், விண்மீன்களின் நிறை ஒத்திருந்தும் சுருள் பேரடைகளுக்கும் நீள்வட்டப் பேரடைகளுக்கும் ஈர்ப்பு வேறுபடுவது தெரியவந்தது. புலப்படும் பொருளைக் கொண்டே ஈர்ப்பைக் கணிக்கும் கோட்பாடுகளால் இவ்வேறுபாட்டை எளிதில் விளக்க இயலாது. நீள்வட்டப் பேரடைகளைச் சுற்றிக் கணக்கில் வராத வெப்ப வளிமம் மிகுதியாக இருந்தால் மட்டுமே அவை தப்பிக்க முடியும்.

2019 ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வு, சுவிக்கி அளந்த அதே கோமா கொத்தில் வெர்லிண்டின் கோட்பாட்டைச் சோதித்தது. எக்ஸ் கதிர் அளவீடுகளும் ஈர்ப்பு வில்லை அளவீடுகளும் ஒருங்கே பயன்படுத்தப்பட்டன. மையத்திலிருந்து ஏறத்தாழ 8 இலட்சம் முதல் 23 இலட்சம் ஒளியாண்டுகள் வரையிலான பகுதியில் இக்கோட்பாடும் பொதுச் சார்பியலும் ஒத்த நிறையைத் தந்தன. ஏறத்தாழ 33 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் வெர்லிண்டின் கணிப்பு இருமடங்காக மிகுந்தது. 58 கொத்துகளின் ஒருங்கிணைந்த தரவுகளிலும் கரும்பொருளுடன் கூடிய பொதுச் சார்பியலே நன்கு பொருந்தியது.

2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலைகளும், அவற்றுக்கு 1.7 நொடிகள் கழித்துக் காமாக் கதிர்களும் புவியை வந்தடைந்தன. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் வந்துள்ளன. இதனால் பல மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் ஒரே நாளில் விலக்கப்பட்டன. இம்முடிவுக்கு உதவியது சுவிக்கியும் பாடேயும் 1934 ஆம் ஆண்டில் முன்கூறிய விண்மீன் வகையே ஆகும்.

மறுபுறம், கரும்பொருளால் ஆன துகள் எதுவும் இன்றுவரை ஆய்வகத்தில் நேரடியாகக் கண்டறியப்படவில்லை. எனவே 1933 ஆம் ஆண்டின் வினா இன்னும் முழுமையாக விடைபெறவில்லை. எந்த விடையும் கோமா கொத்தின் பேரடைகள் ஏன் அவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதை விளக்கியாக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சுவிக்கியின் கணக்கு ஏற்படுத்தியுள்ளது.

நினைவுகள்

சிறுகோள் 1803 சுவிக்கி, நிலவில் உள்ள சுவிக்கி பள்ளம், முதலாம் சுவிக்கி 18 என்னும் குறும்பேரடை ஆகியவை இவரது பெயரைத் தாங்கியுள்ளன. பாலோமர் மலையில் சூப்பர்நோவா முதலிய திடீர் மாற்றங்களைத் தேடுவதற்காக 2017 ஆம் ஆண்டில் முதல் ஒளிப்படத்தை எடுத்த வான் அளவீட்டுத் திட்டத்துக்கும் சுவிக்கியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.